இருபது கஜ ஆடுகளம்: யுகங்களைக் கடந்து மட்டையாளரை ஒப்பிடும் வழக்கு

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சிங்கப்பூரின் தேக்காவிலும் சிராங்கூன் சாலையின் கிளைத் தெருக்களிலும் திரளும் ஜனங்களில் புதுக்கோட்டைக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் உண்டு, வங்கதேசத்தாரும் உண்டு. அங்கிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், பாலஸ்டியர் சாலையில், இந்தியச் சங்கமும் யாழ்ப்பாணத்தார் வளர்த்த சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப்பும் இருக்கின்றன. தமிழ்நாட்டுத் தமிழர் மட்டையாளர் என்பவரை யாழ்ப்பாணத் தமிழர் துடுப்பாட்ட வீரர் என்பர். ஒரே விளையாட்டுக்கு இரண்டு கலைச்சொற்களைக் கேட்கக்கூடிய இந்நகரத்தில், டெஸ்ட் கிரிக்கெட்டில் இதுகாறும் தோன்றிய மட்டையாளர்களில் தலைசிறந்தவர் யார் என்ற வினா எழுந்தால், விடை பெரும்பாலும் விடை சொல்பவரின் பிறந்த ஊரையும் வயதையும் ஒட்டியே அமைகிறது. பற்றுதலின் பாற்பட்ட அவ்விடைகளை ஒதுக்கிவிட்டு, வெவ்வேறு காலத்து ஆட்டக்காரரை ஒரே தராசில் நிறுக்க இயலுமா, இயலுமெனின் எந்தக் கல்லை எடைக்கல்லாகக் கொள்வது என்று ஆராய்ந்தவர்களின் கொள்கைகளையும் அவற்றின் குறைபாடுகளையும் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வி பழையது. 1877-ஆம் ஆண்டு மார்ச் மாதம் மெல்பர்னில் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்தது. அடுத்த தலைமுறை மட்டையாளர் களத்தில் இறங்கியதுமே, முன்னோர் பெரியரா பின்னோர் பெரியரா என்ற விவாதமும் தொடங்கிவிட்டது. நம்மவருக்கு இத்தகைய வாதம் புதிதன்று. கர்ணனையும் கும்பகர்ணனையும் பட்டிமண்டபத்தில் எதிரெதிரே நிறுத்திப் பழகியவர்கள் நாம். ஆனால் காவிய பாத்திரங்களுக்கு ஓட்டக்கணக்கு இல்லை, மட்டையாளருக்கு இருக்கிறது. கணக்கு இருப்பதாலேயே வழக்கு தீர்ந்துவிடும் என்று எண்ணுவதில்தான் முதல் இடறல் நேர்கிறது.

மூன்று பேர், ஏறக்குறைய ஒரே தொகை

அந்த இடறலை விளக்க மூன்று பெயர்கள் போதும். ஆஸ்திரேலியாவின் டொனால்ட் பிராட்மன் டெஸ்ட் ஆட்டங்களில் எடுத்த ஓட்டங்கள் 6,996. இலங்கையின் சனத் ஜெயசூர்யா எடுத்தவை 6,973. இங்கிலாந்தின் லென் ஹட்டன் எடுத்தவை 6,971. மூவருக்கும் இடையே உள்ள வேற்றுமை 25 ஓட்டங்களே. ஒரே இன்னிங்ஸில் இவர்கள் எடுத்த அதிகபட்ச ஓட்டங்களும் அக்கம்பக்கமாகவே நிற்கின்றன: பிராட்மன் 1930-இல் லீட்ஸ் நகரில் 334, ஹட்டன் 1938-இல் ஓவல் மைதானத்தில் 364, ஜெயசூர்யா 1997-இல் கொழும்பில் 340.

இவ்வளவு ஒற்றுமையும் ஒரு கணத்தில் கலைந்துவிடுகிறது. பிராட்மன் தம் தொகையை 52 டெஸ்டுகளில், 80 இன்னிங்ஸ்களில் ஈட்டினார். ஹட்டனுக்கு 79 டெஸ்டுகளும் 138 இன்னிங்ஸ்களும், ஜெயசூர்யாவுக்கு 110 டெஸ்டுகளும் 188 இன்னிங்ஸ்களும் தேவைப்பட்டன. சராசரி முறையே 99.94, 56.67, 40.07. சதங்கள் 29, 19, 14. ஆகவே மொத்த ஓட்டத்தைக் கொண்டு பெருமையை அளக்கலாகாது என்பதில் இன்று எவருக்கும் ஆட்சேபமில்லை. 15,921 ஓட்டங்களும் 51 சதங்களும் எடுத்த டெண்டுல்கரைப் போற்றுவோர்கூட, 24 ஆண்டுகள் பத்து நாடுகளின் களங்களில் தேயாமல் நின்ற அவரது நிலைபேற்றையே ஆதாரமாகக் காட்டுகிறார்களேயன்றித் தொகையை மட்டும் காட்டி நின்றுவிடுவதில்லை.

ஜெயசூர்யாவைச் சிங்கப்பூர் வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். 1996 ஏப்ரல் 2-ஆம் தேதி, நகர மண்டபத்துக்கு எதிரே உள்ள பாடாங் திடலில், பாகிஸ்தானுக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் அவர் 48 பந்துகளில் சதம் கண்டார். 65 பந்துகளில் 134 எடுத்தார். ஐந்து நாள் கழித்து இறுதியாட்டத்தில் 17 பந்துகளில் அரைசதம். அன்று இலங்கையின் முதல் விக்கெட் 70-இல் விழுந்தபோது, ஆட்டமிழந்த களுவித்தாரணவின் கணக்கில் ஓர் ஓட்டமும் இல்லை. 66 ஜெயசூர்யாவுடையது, நான்கு உதிரி. பாடாங் சிறிய திடல்; எல்லைக்கோடு அருகே. அதே பந்து மெல்பர்னில் எங்கே விழுந்திருக்கும் என்ற கேள்வி அன்றைய உற்சாகத்தைக் குறைக்காது. ஆனால் அந்த எண்களை இன்னோரிடத்து எண்களோடு ஒப்பிடப் புகும்போது அக்கேள்வியைக் கேளாமல் மேலே செல்ல முடியாது. டெஸ்டுக்கும் இது பொருந்தும்.

சராசரியே பிரமாணம் என்போர்

சராசரியை ஆதாரமாகக் கொண்ட கட்சியே மிகப் பழையது, இன்றும் வலிமையுடையது. ஓர் ஆட்டக்காரர் ஒருமுறை ஆட்டமிழப்பதற்குள் எத்தனை ஓட்டம் சேர்க்கிறார் என்பதைவிட மட்டையாளரின் தொழிலை நேராகச் சொல்லும் எண் வேறில்லை என்பது இவர்கள் வாதம். 1948 ஆகஸ்ட் 14 அன்று ஓவலில் தம் கடைசி இன்னிங்ஸ் ஆட வந்த பிராட்மன் எரிக் ஹாலிஸின் இரண்டாவது பந்தில் ஓட்டமின்றி வீழ்ந்தார். நான்கு ஓட்டம் எடுத்திருந்தால் சராசரி சரியாக நூறாகியிருக்கும். அந்த நான்கு ஓட்டத்துக்காக முக்கால் நூற்றாண்டாகப் பரிதவிக்கும் ரசிகர் கூட்டமே, சராசரிக்கு மனிதர் மனத்தில் உள்ள அதிகாரத்துக்குச் சாட்சி.

இக்கட்சியின் பலவீனம் பிராட்மனை விட்டுக் கீழே இறங்கியவுடன் தென்படுகிறது. கிரேம் பொல்லாக் 60.97, ஜார்ஜ் ஹெட்லி 60.83, ஹெர்பர்ட் சட்க்ளிஃப் 60.73, ஹேமண்ட் 58.45, சோபர்ஸ் 57.78, சங்கக்கார 57.40, ஹாப்ஸ் 56.94, ஹட்டன் 56.67, காலிஸ் 55.37, டெண்டுல்கர் 53.78, லாரா 52.88 என்று வரிசை நெருக்கமாக இறங்குகிறது. பொல்லாக்கும் ஹெட்லியும் முறையே 23, 22 டெஸ்டுகள் மட்டுமே ஆடியவர்கள். ஒருவருக்குத் தென்னாப்பிரிக்காவின் நிறவெறியால் வந்த தனிமைப்படுத்தலும், மற்றவருக்கு மேற்கிந்தியத் தீவுகளுக்கு அந்நாளில் கிடைத்த ஆட்டங்களின் அருமையும் உலகப் போரும் காரணம். ஒரு மட்டையாளரின் ஓட்டங்கள் இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் ஏறியிறங்கும் வீச்சு, பொதுவாக அவருடைய சராசரிக்கே ஏறக்குறைய சமமாக இருக்கும். 150 இன்னிங்ஸ் ஆடியவரின் சராசரி 50 எனில், வெறும் அதிர்ஷ்டத்தின் ஏற்றத்தாழ்வால் அது நான்கு ஓட்டம் அங்குமிங்கும் நகரக்கூடும் என்பது இதனால் பெறப்படும். சோபர்ஸுக்கும் டெண்டுல்கருக்கும் உள்ள இடைவெளியே அவ்வளவுதான். பிராட்மனுக்கு இதே கணக்கைப் போட்டால் பதினோர் ஓட்டம் ஐயத்துக்கு இடமாகிறது. ஆனால் அவருக்கும் அடுத்தவருக்கும் உள்ள தூரமோ ஏறத்தாழ நாற்பது.

சமகாலத்தாரை வைத்து அளத்தல்

ஆகவே இரண்டாவது கட்சியார், ஒருவரை இன்னொரு யுகத்தவரோடு நேரே ஒப்பிடாமல், அவரவர் காலத்து ஆட்டக்காரரின் நடுவே அவரவர் எவ்வளவு உயர்ந்து நின்றார் என்று பார்க்கச் சொல்கின்றனர். டபிள்யூ. ஜி. கிரேஸின் 32.29-உம் விக்டர் டிரம்பரின் 39.04-உம் இன்றைய கண்ணுக்குச் சாதாரணம். ஒரு பக்கம் மொத்தமாக இருநூறு எடுப்பதே பெரிதென்றிருந்த களங்களில் அவை சாதாரணமல்ல. ஆஸ்திரேலியரான சார்லஸ் டேவிஸ் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு விளையாட்டிலும் தலைசிறந்தவர் தம் துறையின் சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் மேலே நிற்கிறார் என்று கணித்தார். பிராட்மனுக்கு 4.4 வந்தது, பேலேக்கு 3.7, பேஸ்பால் வீரர் டை காபுக்கு 3.6, கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லாஸுக்கு 3.5, மைக்கேல் ஜோர்டனுக்கு 3.4.

இந்த முறைக்கு மிகக் கூர்மையான ஆட்சேபம் கிரிக்கெட்டுக்கு வெளியிலிருந்து வந்தது. உயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட், அமெரிக்க பேஸ்பாலில் 1941-இல் டெட் வில்லியம்ஸுக்குப் பிறகு எவரும் நானூறு என்ற உச்ச மட்டையடி விகிதத்தை எட்டாததேன் என்று ஆராய்ந்து, ஆட்டம் நலிந்ததால் அன்று, பொதுத்தரம் உயர்ந்ததாலேயே உச்சமும் கீழும் ஒன்றையொன்று நெருங்கிவிட்டன என்று விளக்கினார். எல்லோரும் உயரும்போது ஒருவர் மட்டும் தனித்து உயர்ந்து தெரிவது அரிதாகிறது. இதைக் கிரிக்கெட்டுக்குப் பொருத்தினால், பிராட்மனின் தனிமைக்கு அவரது மேதைமை ஒரு காரணமென்றால், அவர் காலத்துப் பொதுத்தரத்தின் தாழ்வு இன்னொரு காரணமாகலாம். கனமான வாதம் இது. எனினும் அதற்கும் ஒரு பதில் உண்டு. ஹேமண்ட், ஹெட்லி, சட்க்ளிஃப் ஆகிய மூவரும் அதே யுகத்தில், அதே பொதுத்தரத்தின் சலுகையோடு ஆடியும் அறுபதை ஒட்டியே நின்றார்கள். தளர்ந்த யுகம் ஒருவரை மட்டும் தூக்கிவிட்டு மற்றவரை விட்டுவிட்டதேன் என்பதற்கு கூல்டின் வழிவந்த வாதத்தில் விளக்கமில்லை.

பிராட்மனின் எதிரணிகளைப் பற்றிய குறையும் இவ்விடத்தில் ஆராயத்தக்கது. அவர் இரண்டே நாடுகளின் களங்களில், நான்கே அணிகளுக்கு எதிராக ஆடினார். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 201.50-உம், 1947-48-இல் லாலா அமர்நாத் தலைமையில் வந்த, விஜய் மெர்ச்சண்ட் இல்லாத இந்திய அணிக்கு எதிராக 178.75-உம் அவர் சராசரி. இவற்றை முழுவதும் கழித்து, அன்றைய வல்லரசான இங்கிலாந்துக்கு எதிரான 37 டெஸ்டுகளை மட்டும் கணக்கிட்டாலும் ஏறத்தாழ 90 நிற்கிறது.

களமும் சட்டமும் கவசமும்

மூன்றாவது கட்சியார் சூழ்நிலைகளைச் சரிக்கட்டச் சொல்கின்றனர். மழை நனைத்த ஆடுகளத்தை மூடாமல் விடும் வழக்கம் இங்கிலாந்தில் பல பத்தாண்டுகள் நீடித்தது. அப்படிப்பட்ட களத்தில் வெயில் பட்டதும் பந்து எழும்பித் திரும்பும் விதம் இன்றைய மட்டையாளர் எவரும் அறியாதது. 1926-இல் ஓவலில் அத்தகைய களத்தில் ஹாப்ஸும் சட்க்ளிஃபும் முதல் விக்கெட்டுக்கு 172 சேர்த்தனர். ஈரக்களத்தில் பிராட்மன் சோபிக்கவில்லை என்பது பழைய விமரிசனம். 1937 ஜனவரியில் மெல்பர்னில் மழைக்குப் பின் அவர் தம் அணியின் வரிசையையே தலைகீழாக்கிப் பின்வரிசையாரை முன்னனுப்பி, களம் காய்ந்த பிறகு இறங்கி 270 எடுத்ததை அவருக்குச் சாதகமாகவும் பாதகமாகவும் காட்டுவோர் உண்டு. எல்.பி.டபிள்யூ. விதி 1930-களின் நடுவில் மாறி, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குத்தி உள்ளே வரும் பந்துக்கும் மட்டையாளரை வெளியேற்ற வழி செய்தது. டெஸ்டில் தலைக்கவசம் 1978-இல் வந்தது. மறுபரிசீலனை முறை 2008-இல் வந்தது. இவற்றுள் சில மட்டையாளருக்கு உதவியவை, சில அவரைக் கட்டியவை. ஒவ்வொன்றுக்கும் இத்தனை ஓட்டம் என்று விலை வைப்பவர்கள் ஊகத்தையே எண்ணாக எழுதுகிறார்கள்.

விதிவிலக்காக, இயற்கையே ஒரு பரிசோதனையை நடத்திக் காட்டியது 1932-33-இல். டக்ளஸ் ஜார்டின் தலைமையில் லார்வுட் முதலியோர் உடலைக் குறிவைத்து வீசிய தொடரில் பிராட்மனின் சராசரி 56.57 ஆகக் குறைந்தது. நவீன வேகப்பந்துக்கு அவர் இவ்வளவுதான் தாங்கியிருப்பார் என்று ஒரு சாரார் முடிவு கட்டுகிறார்கள். கால்பக்கம் நிரம்பிய காவலர் வியூகத்தோடு அவ்வாறு வீசுவதைப் பின்னர் சட்டமே தடுத்தது என்பதையும், அத்தொடரிலும் ஆஸ்திரேலிய மட்டையாளரில் அவரே முதல்வர் என்பதையும், பிறர் தம் வாழ்நாள் உச்சமாகக் கொள்ளும் எண்ணையே அவருடைய வீழ்ச்சியாகக் கூறுகிறோம் என்பதையும் நோக்க, அம்முடிவு அவசரமானதாகவே தோன்றுகிறது.

எதிரே நின்றவர் யார்

பந்துவீச்சின் தரத்தைக் கொண்டு நிறுப்போர் நான்காவது கட்சியார். அவர்கள் வாதத்தில் பொதுவாகக் கவனிக்கப்படாத ஒன்று, எந்த மட்டையாளரும் தம் சொந்த அணியின் பந்துவீச்சாளரை டெஸ்டில் சந்திப்பதில்லை என்பது. பிராட்மன் ஓ'ரைலியையும் கிரிம்மெட்டையும் சந்திக்கவில்லை. கவாஸ்கர் பேடி, பிரசன்னா, சந்திரசேகர், சென்னையின் வெங்கட்ராகவன் ஆகிய நால்வரையும் சந்திக்கவில்லை. சங்கக்கார, 800 விக்கெட் வீழ்த்திய கண்டித் தமிழர் முத்தையா முரளிதரனை டெஸ்டில் ஒருநாளும் சந்திக்கவில்லை; பிரையன் லாராவோ 2001-இல் இலங்கை மண்ணிலேயே முரளியைச் சந்தித்து மூன்று டெஸ்டுகளில் 688 ஓட்டம் எடுத்தார், அவர் அணி மூன்றிலும் தோற்றது. சங்கக்காரவின் 57.40-உம் லாராவின் 52.88-உம் ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சாகும்போது இந்தப் பேதம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இந்தியரின் அபிமான உதாரணம், தலைக்கவசமில்லாமல் மேற்கிந்தியத் தீவினருக்கு எதிராகக் கவாஸ்கர் அடித்த 13 சதங்கள். அன்பு எவ்வளவு இருந்தாலும் பகுத்துப் பார்ப்பதே நியாயம். நான்கு சதங்கள் 1971-இல், வேகப்பந்து நால்வரின் யுகம் தொடங்குமுன் வந்தவை. நான்கு 1978-79-இல், கெர்ரி பேக்கரின் தனியார் போட்டிகளால் முதன்மை வீரர்கள் விலகியிருந்தபோது வந்தவை. எஞ்சிய ஐந்தில், 1983 டிசம்பரில் சேப்பாக்கத்தில் வந்தது தனித்துச் சொல்லத் தக்கது. அணியின் கணக்கு பூஜ்யமாக இருக்கையிலேயே மார்ஷல் இரண்டு விக்கெட்டுகளைச் சாய்த்திருந்தார். நான்காவதாக இறங்கிய கவாஸ்கர் ஆட்டமிழக்காமல் 236 எடுத்தார். அது அவருடைய முப்பதாவது சதம். பிராட்மனின் 29-ஐக் கடந்தது அந்த ஒன்றுதான். கவாஸ்கரின் பெருமையை நிலைநாட்டப் பதின்மூன்று தேவையில்லை; அந்த ஐந்து போதும் என்பதே என் அபிப்பிராயம்.

ஒற்றை இன்னிங்ஸின் கனம், ஒரு தவறவிட்ட ஸ்டம்பிங்

வாழ்நாள் கணக்கை விட்டு, மிகக் கடினமான நேரத்தில் ஆடிய ஓர் இன்னிங்ஸைக் கொண்டு மதிப்பிடுவோர் ஐந்தாவது வகையினர். 1975 ஜனவரியில் அதே சேப்பாக்கத்தில் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ஓட்டம் கொடுத்து ஏழு விக்கெட் வீழ்த்திய இன்னிங்ஸில், 190-க்குச் சுருண்ட இந்திய அணியில் விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97 எடுத்தார். துணைக்கு ஆளில்லாமல் சதம் மூன்று ஓட்டத்தில் தவறியது. இந்தியா 100 ஓட்டத்தில் வென்றது. சதப்பட்டியலில் அந்த இன்னிங்ஸ் இடம்பெறாது. சென்னை ரசிகரைக் கேட்டால் பல இரட்டைச் சதங்களை அதற்கு ஈடாகக் கொடுப்பார். 1999-இல் முதுகுவலியோடு டெண்டுல்கர் பாகிஸ்தானுக்கு எதிராக எடுத்த 136, அணி 12 ஓட்டத்தில் தோற்றும், இன்னும் பேசப்படுகிறது. இம்முறை மனித அனுபவத்துக்கு மிக நெருக்கமானது. ஆயினும் நினைவில் நிற்பதையே தேர்ந்தெடுக்கும் குற்றம் இதில் உண்டு. ஒருவரின் சிறந்த நாளை இன்னொருவரின் சராசரி நாளோடு ஒப்பிடச் சொல்கிறது இது.

ஒற்றை இன்னிங்ஸில் தற்செயலின் பங்கு எவ்வளவு என்பதற்குச் சிங்கப்பூரின் சரித்திரத்தோடு பின்னிய ஓர் உதாரணம் இருக்கிறது. 1938-இல் ஓவலில் ஹட்டன் 40 ஓட்டத்தில் இருக்கையில் ஃப்ளீட்வுட்-ஸ்மித்தின் பந்தில் முன்னேறித் தவறவிட்டார். விக்கெட் காப்பாளர் பென் பார்னெட் ஸ்டம்பிங்கை நழுவவிட்டார். கால வரம்பற்ற அந்த டெஸ்டில் ஹட்டன் 13 மணி 17 நிமிடம் நின்று 364-ஐ எட்டி, பிராட்மனின் 334-ஐக் கடந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட ஆஸ்திரேலியப் படையினரில் பார்னெட்டும் ஒருவர். சாங்கி முகாமிலும், நம் மலாயாத் தமிழர் ஆயிரக்கணக்கில் மடிந்த சயாம் மரண ரயில் பாதையிலும் அவர் போர்க்கைதியாக இருந்தார். இங்கேயே பிடிபட்ட இன்னொருவர் கிரிக்கெட் எழுத்தாளர் ஸ்வாண்டன். அவர் கையில் 1939-ஆம் ஆண்டின் விஸ்டன் பஞ்சாங்கம் இருந்தது. கைதிகள் மாறி மாறி வாசித்துக் கிழிந்த அப்புத்தகம் அரிசிப் பசையால் ஒட்டப்பட்டு மீண்டும் கட்டப்பட்டது. 1938-ஆம் ஆண்டு ஆட்டங்களைத் தாங்கிய ஏடு அது. அந்த 364-உம் அதில்தான் இருக்கிறது. பார்னெட்டின் கைகள் ஒரு நொடி விரைந்திருந்தால் அந்தப் பக்கத்தில் 40 என்று அச்சாகியிருக்கும். ஹட்டனின் ஆற்றல் ஓர் அணுவும் குறைந்திருக்காது. போர்க்காலத்தில் நேர்ந்த விபத்தால் இடக்கை குட்டையான பிறகும் அவர் பத்தாண்டுகள் இங்கிலாந்துக்குத் தொடக்க ஆட்டக்காரராக நின்றதை எந்தப் பட்டியல் எப்படிக் கணக்கிடும்?

கண்டவர் சாட்சி

எண்களை நம்பாமல், கண்ணால் கண்டோரின் சொல்லை நம்புவோர் ஆறாவது வகையினர். நெவில் கார்டஸ் டிரம்பரின் ஆட்டத்தைக் கலையாகவே பாவித்து எழுதினார். 1963-இல் வெளிவந்த தம் நூலில் சி. எல். ஆர். ஜேம்ஸ், மட்டையாளரின் பெருமையை அவர் பிறந்த சமுதாயத்தின் ஏக்கங்களோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டுமென்று வாதித்தார். காலனி ஆட்சியில் கறுப்பின ஆட்டக்காரராய் ஹெட்லி தம் அணியின் பாரத்தை ஏறக்குறையத் தனியே சுமந்ததை ஓட்டத்தில் மட்டும் காண முடியாது. 2000-ஆம் ஆண்டில் விஸ்டன் நூறு நடுவர்களைக் கொண்டு நூற்றாண்டின் ஐந்து வீரரைத் தேர்ந்தபோது பிராட்மனுக்கு நூறு வாக்கும், சோபர்ஸுக்கு 90-உம், ஹாப்ஸுக்கு 30-உம், வார்னுக்கு 27-உம், விவியன் ரிச்சர்ட்ஸுக்கு 25-உம் கிடைத்தன. சராசரியில் ஐம்பதைச் சற்றே தாண்டிய ரிச்சர்ட்ஸ், சராசரியில் மேலே நின்ற பலரை முந்தியது, எண் சொல்லாத ஏதோ ஒன்றைக் கண்கள் கண்டிருந்ததைக் காட்டுகிறது. ஆனால் சாட்சிகள் மூப்படைகிறார்கள், மறைகிறார்கள். ஹாப்ஸையும் ஸ்டீவ் ஸ்மித்தையும் நேரில் கண்டு ஒப்பிடும் கண்கள் இன்று எவருக்கும் இல்லை.

கணக்கேட்டுக்கு வெளியே நின்றவர்

இதுவரை கூறிய ஆறு கட்சியாருக்கும் பொதுவான ஓர் அஸ்திவாரம் உண்டு: பெருமை எங்கிருந்தாலும் அது டெஸ்ட் ஏட்டில் பதிந்திருக்கும் என்ற நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் சரி என்பதை, தமிழுலகத்துக்கும் சிங்கப்பூருக்கும் உரிய ஒருவரைக் கொண்டு சோதிக்க வேண்டும்.

மகாதேவா சதாசிவம் 1915-இல் பிறந்த இலங்கைத் தமிழர். கொழும்பு தமிழ் யூனியன் சங்கத்தின் ஆட்டக்காரர். 1947-இல் இலங்கை அணிக்காகச் சேப்பாக்கத்தில் 215 எடுத்தார். அவரைத் தாம் கண்ட மட்டையாளருள் மிக உயர்ந்த ஸ்தானத்தில் ஃபிராங்க் வொரெல் வைத்ததாக இலங்கையின் கிரிக்கெட் எழுத்தாளர்கள் வழிவழியாகக் குறித்திருக்கிறார்கள். பின்னாளில் இப்பக்கம் குடிபெயர்ந்து சிங்கப்பூர் அணிக்கும் மலேசிய அணிக்கும் தலைமை தாங்கினார். மூன்று நாடுகளின் அணிகளுக்குத் தலைமை வகித்தவர் என்ற அரிய பெருமை அவருக்குச் சொல்லப்படுகிறது. அவருடைய டெஸ்ட் சராசரி என்ன? இல்லை. இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியது 1982-இல்; அவர் 1977-லேயே காலமாகிவிட்டார்.

1948 மார்ச் மாதம், இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த பிராட்மனின் அணி கொழும்பில் இறங்கி ஒருநாள் ஆடியது. எதிரணித் தலைவர் சதாசிவம். பிராட்மன் 20 எடுத்தார். களம் நீளத்தில் தவறியிருப்பது அன்று கண்டுபிடிக்கப்பட்டது: 22 கஜம் இருக்க வேண்டிய ஆடுகளம் 20 கஜமே இருந்தது. ஒருவர் 99.94-க்குச் சென்றுகொண்டிருந்தவர்; மற்றவர் ஏட்டில் எண்ணே இல்லாதவர்; இருவரும் எதிரெதிரே நின்ற அந்த ஒரு நாளில் அளவுகோலே இரண்டு கஜம் குட்டை.

சதாசிவத்தைப் பிராட்மனுக்கு நிகர் என்று கூறுவது இக்கட்டுரையின் கருத்தன்று; அதற்கு ஆதாரமில்லை. ஆனால் 'சமகாலத்தாரை வைத்து அளத்தல்' என்று நாம் மேலே பாராட்டிய முறையில் சமகாலத்தார் எனப்படுவோர் யார் என்பதை இது கேட்க வைக்கிறது. 1928 வரை டெஸ்ட் ஆடியவை மூன்றே நாடுகள். இந்தியா 1932-இல் லார்ட்ஸில் தன் முதல் டெஸ்டை ஆடியபோது அணியில் கோலாலம்பூரில் பிறந்த லால் சிங் இருந்தார். அமர் சிங்கோடு சேர்ந்து நாற்பது நிமிடத்தில் 74 ஓட்டம் சேர்த்தார். அந்த ஒரு டெஸ்டோடு அவர் கணக்கு முடிந்தது. மலாயாவிலும் இலங்கையிலும் ஆடிய மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் வெள்ளையரல்லாதார் அந்நாளில் அணிக்குள் வரவே முடியாதிருந்தது. ஒருவர் தம் காலத்துக்கு எவ்வளவு மேலே நின்றார் என்று கணிக்கும்போது, அந்தக் காலம் என்பது அதில் ஆட அனுமதிக்கப்பட்டவர்களின் காலமாகவே இருக்கிறது. என் மதிப்பில், ஈரக்களத்தையும் தலைக்கவசத்தையும்விட இதுவே ஒப்பீட்டுக்குப் பெரிய தடை. அவற்றைப் பற்றி எழுதப்பட்ட அளவில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பற்றி எழுதப்படவில்லை.

தீர்ந்தவையும் தீராதவையும்

கட்சிகளைச் சீர்தூக்கும்போது, தம் காலத்து டெஸ்ட் ஆட்டக்காரரிடமிருந்து மிக அதிக தூரம் விலகி நின்றவர் பிராட்மன் என்பது ஒருவாறு தீர்ந்த விஷயம் எனலாம். எதிரணியைக் கழித்தாலும், அதிர்ஷ்டத்துக்கு இடம் விட்டாலும், யுகத்தைச் சரிக்கட்டினாலும் அம்முடிவு அசையவில்லை. சர்வதேசத் தரவரிசையின் உச்சப்புள்ளியில்கூட அவருடைய 961-ஐ எவரும் எட்டவில்லை. மிக அருகில் வந்த ஸ்டீவ் ஸ்மித் 947-இல் நின்றார். ஆனால் அந்தத் தூரம், அவரை இன்றைய களத்தில் நிறுத்தினால் எத்தனை ஓட்டமாகும் என்ற கேள்விக்கு எந்த முறையும் விடை தரவில்லை. தர முடியுமென்றும் தோன்றவில்லை.

இரண்டாம் இடம் திறந்தே கிடக்கிறது. ஹாப்ஸ், ஹெட்லி, சோபர்ஸ், டெண்டுல்கர், லாரா, ஸ்மித் ஆகியோருள் ஒருவரை முன்வைப்போர், சராசரியின் ஐயவெல்லைக்குள் அடங்கிவிடும் வேற்றுமையைக் கொண்டே முன்வைக்கின்றனர். நிலைபேற்றை முதன்மையாகக் கொண்டால் டெண்டுல்கரும், தனியாகச் சுமந்த பாரத்தைக் கொண்டால் ஹெட்லியும், கடினமான களத்தைக் கொண்டால் ஹாப்ஸும் முன்னே வருகிறார்கள். எதை முதன்மையாகக் கொள்வது என்பது கணிதம் தீர்க்கும் காரியமன்று.

இந்த நூற்றாண்டில் பந்தின் வேகம், திரும்பல், விழுந்த இடம் அனைத்தும் கருவிகளால் பதிவாகத் தொடங்கியுள்ளன. ஸ்மித்தும் ஜோ ரூட்டும் சந்தித்த பந்துகளை, அடுத்த தலைமுறையினர் சந்திக்கப்போகும் பந்துகளோடு வருங்கால ஆய்வாளர் பந்துக்குப் பந்து ஒப்பிடக்கூடும். யுகங்களை ஒப்பிடும் சாஸ்திரத்தில் உண்மையான முன்னேற்றம் அங்கிருந்து வரக்கூடும். பழையவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1947-இல் சேப்பாக்கத்தில் சதாசிவம் எடுத்த 215-இலிருந்து நமக்கு எஞ்சியிருப்பது ஓட்டப்பட்டியல் ஒன்றே; எந்தப் பந்து எங்கே விழுந்தது, அதை அவர் எவ்வாறு எதிர்கொண்டார் என்பதை எந்தக் கருவியும் பதியவில்லை.